பத்துக்கு நாலு

பட்டையை நெஞ்சில் கட்டிய கொஞ்ச நேரத்திலேயே மாரீஸ்வரி அதைப் பிய்த்து எறிந்துவிட்டாள். அறையில் காற்று இருந்தது, ஏசி ஓடிக்கொண்டிருந்தது, அவளுடைய நுரையீரலும் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. ஆனாலும் யாரோ தலையைத் தண்ணிக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்பது போல இருந்தது. ஓடிப்போய் வாஷ்பேசினில் வாந்தி எடுத்தாள். திரும்பி வந்தபோது கூட இருந்த மாணவர்கள் எல்லாரும் அவளைப் பார்க்காத மாதிரி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கட்டிலில் ஒரு பெரியவர் வாயில் குழாயோடு கிடந்தார். அவர் கழுத்திலும் அதே மாதிரி ஒரு பட்டை.

"உக்காரு" என்றார் பயிற்சியாளர் சுகன்யா. முப்பத்தைந்து வயதுகூட இருக்காது அவருக்கு. "நீ இப்ப அனுபவிச்சது உன் திணறல் இல்ல, அவரோடது. 'காத்து பத்தல'ன்னு அவர் உடம்பு மூளைக்குச் சொல்லுது இல்லையா, அதை அந்தப் பட்டை வாங்கி உன் பட்டைக்கு அனுப்புது. உன் ஆக்சிஜன் ஒரு புள்ளிகூடக் குறையல. பத்துக்கு எத்தனை இருந்துச்சு?"

"பத்து, மேடம்."

"ஒம்போதுன்னு வச்சுக்க. பத்துன்னா அதுக்கப்புறம் ஆள் இல்லைன்னு அர்த்தம்."

பின் வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "மானிட்டர்தான் எல்லாத்தையும் காட்டுதே மேடம், இது எதுக்கு?"

"மானிட்டர் ஆக்சிஜன் தொண்ணூத்தஞ்சுன்னு காட்டும். டாக்டர் பாத்துட்டு, நல்லாருக்குன்னு போயிருவாரு. உள்ள கிடக்கிறவன் முங்கிச் செத்துக்கிட்டு இருப்பான். வாயில குழாய், கத்தவும் முடியாது. அதுக்குத்தான் நீங்க. வென்டிலேட்டர் திருகை எந்தப் பக்கம் திருப்பினா அந்த மனுசனுக்கு லேசாகுதுன்னு உங்க நெஞ்சு சொல்லணும். ஆனா கை நடுங்கக் கூடாது. நடுங்குற கையை நான் ஐசியூக்குள்ள விடமாட்டேன்."

கேள்வி கேட்டவள் பெயர் ஷமீமா. மேலப்பாளையத்துக்காரி. அன்று அவளும் பட்டையைக் கட்டினாள். வாந்தி எடுக்கவில்லை, தேம்பித் தேம்பி அழுதாள். சாயங்காலம் விடுதியில் மாரீஸ்வரியின் கட்டிலில் வந்து உட்கார்ந்துகொண்டு, "ஏட்டி, அந்த மனுசன் இதோடயே ராத்திரி பகலாக் கிடக்காருல்லா?" என்றாள். அதிலிருந்து இருவரும் சிநேகம்.

மாரீஸ்வரி இந்தச் சுவாச சிகிச்சைப் படிப்புக்கு வந்ததற்குக் காரணம் அவளுடைய ஊர். சாத்தூருக்குத் தெற்கே கரிசல்காட்டில் வெள்ளையாபுரம் என்று ஒரு ஊர். ஒரு காலத்தில் நாடு முழுக்க வெயிலைப் பிடித்து மின்சாரம் ஆக்கிக்கொண்டிருந்த சோலார் தகடுகள் ஆயுள் முடிந்ததும் லாரி லாரியாக அங்கேதான் வந்து இறங்கின. தகட்டை உடைத்து, கண்ணாடியை அரைத்து, உள்ளே இருக்கிற வெள்ளியையும் செம்பையும் பிரித்தெடுக்கிற பட்டறைகள். பருத்தி பொய்த்துப்போன ஊருக்கு அது பெரிய வாழ்வாக இருந்தது. அரைத்த கண்ணாடித் தூள் மாவு மாதிரி எங்கும் பறந்தது. சில வருஷம் கழித்து ஆட்கள் இருமத் தொடங்கினார்கள். ஊரில் அதற்குக் கண்ணாடிச் சளி என்று பெயர் வைத்தார்கள். மாரீஸ்வரியின் அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்து அதில்தான் போனார்கள்.

அப்புறம் அவளை வளர்த்தது அக்கா தங்கபுஷ்பமும் அக்கா புருஷன் சீனிராஜும். சீனிராஜும் பட்டறைத் தொழிலாளிதான், தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர். கொஞ்சம் சத்தமாகப் பேசுகிற மனுஷன். போலீஸ்காரரிடமும் பேசுவார், கலெக்டரிடமும் பேசுவார், பேச்சை முடிக்கிறபோது எதிராளி தோளில் ஒரு தட்டுத் தட்டுவார். மாரீஸ்வரிக்கு மதுரைக் கல்லூரியில் இடம் கிடைத்ததும் அவர்தான் கொண்டுவந்து விட்டார்.

"நம்ம ஊருல டாக்டர் வந்து என்ன செய்ய? மூச்சு பாக்குற ஆள் வேணும். நல்லாப் படி புள்ள" என்றார். சொல்லிவிட்டு ஒரு தரம் இருமினார். அப்போது அது வெறும் இருமலாகத்தான் இருந்தது.

அவள் படித்தாள். சளி உறிஞ்சக் கற்றுக்கொண்டாள். குழாய் மாற்ற, நோயாளியைப் புரட்டிப் போட்டு முதுகைத் தட்டிச் சளியைக் கிளப்ப, ஒவ்வொரு வென்டிலேட்டரின் சத்தத்தையும் பிரித்தறிய. அத்தனைக்கும் நடுவே தினமும் பட்டை கட்டுகிற நேரம் உண்டு. முதல் மாதம் சாப்பாடே இறங்கவில்லை. பிறகு ஒரு நாள், பட்டையைக் கட்டிக்கொண்டே வென்டிலேட்டர் திருகைத் திருப்பினாள். நெஞ்சின் அமுக்கம் மெல்ல இளகியது. கட்டிலில் கிடந்த அம்மாளின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. சரியான இடம் கிடைத்துவிட்டது என்று மாரீஸ்வரிக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லித் தீர்க்க முடியவில்லை.

அதற்கப்புறம் அவளுக்கு ஏறுமுகம்தான். பட்டையைக் கட்டிக்கொண்டு டீ குடிப்பாள், நோட்ஸ் எழுதுவாள். "பாருங்க, இப்படி இருக்கணும்" என்று சுகன்யா மற்றவர்களுக்கு அவளைக் காட்டினார்.

ஷமீமாவுக்கு மட்டும் அது வரவில்லை. முதல் நாள் எப்படி அழுதாளோ இரண்டாம் வருஷமும் அப்படியே அழுதாள். கடைசித் தேர்வில் நோயாளிக்கு ஒன்பது என்று சொல்லிவிட்டு, கை உதற, திருகை நழுவவிட்டாள். அதே நோயாளிக்கு மாரீஸ்வரி நாலு என்று சொல்லி, நிதானமாகத் திருப்பி முடித்தாள். ஷமீமாவைத் தேறாதவள் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும்போது, "ஒனக்கு எப்படிட்டி முடியுது?" என்று மட்டும் கேட்டாள். அதில் பொறாமை இல்லை. அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அந்த வருஷம்தான் சட்டம் மாறியது. அதுவரைக்கும் பட்டறை ஆள் யாராவது உதவித்தொகைக்கு மனுப் போட்டால், கம்பெனி வக்கீல் எழுந்து, "நடிக்கிறார் ஐயா" என்பார். எக்ஸ்ரேயைக் காட்டினால், அது பீடி குடித்த நெஞ்சு என்பார். அதனால் தொழிலாளர்களே கேட்டார்கள்: பட்டையைக் கட்டிப் பாருங்கள், எங்கள் நெஞ்சில் இருப்பது உங்கள் நெஞ்சுக்குத் தெரியட்டும் என்று. சாத்தூர் ரோட்டில் சீனிராஜ் தலைமையில் மறியல் நடந்தது. கடைசியில் அரசாங்கம் இறங்கி வந்தது. படித்துத் தேறிய சுவாச சிகிச்சையாளர் ஒருவர் பட்டையைக் கட்டிப் பார்த்து பத்துக்கு எத்தனை என்று சொல்ல வேண்டும். ஆறும் அதற்கு மேலும் என்றால் மாத உதவியும் வீட்டுக்கே ஆக்சிஜனும். அந்த எண்ணுக்கு உணர்வுச் சான்று என்று பெயர்.

உத்தரவு வந்த அன்று வெள்ளையாபுரத்தில் வெடி போட்டார்கள். சீனிராஜ் போனில் கத்தினார்: "இனி ஒரு பய நம்மளை நடிக்கிறான்னு சொல்ல முடியாது புள்ள! சான்று குடுக்க நீயே வந்துரு!"

அவள் வந்தாள். தொழில்நோய் வாரியத்தில் சான்றாளர் வேலை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம். வரிசையில் நின்றவர்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். பாதிப்பேர் அவளைத் தூக்கி வளர்த்தவர்கள். முதலில் வந்தது குருவம்மாள். மாரீஸ்வரியின் அம்மாவோடு ஒரே அரைவை மெஷினில் நின்றவள். நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கி முடிக்கவே அவளுக்கு வெகு நேரம் ஆனது.

மாரீஸ்வரி பட்டையைக் கட்டினாள். கண்ணை மூடி, நெஞ்சில் வருவதைக் கவனித்தாள். ஒரு பாரம், கொஞ்சம் இறுக்கம். ஐசியூவில் பார்த்ததில் பாதிகூட இல்லை.

"மூணு" என்றாள்.

"மூணுன்னா நல்லதா தாயி?" என்று குருவம்மாள் கேட்டாள்.

"நல்லதுதான் சித்தி. ரொம்ப மோசமா இல்ல."

அன்று முகாமில் ஒருவருக்கும் ஆறு வரவில்லை. அவள் யாருக்கும் ஒரு புள்ளிகூடக் குறைத்துச் சொல்லவில்லை. நெஞ்சில் வந்ததைத்தான் சொன்னாள். ராத்திரி அக்கா சோறு போட்டபோது சீனிராஜ் தட்டைப் பார்த்துக் குனிந்தே சாப்பிட்டார். "மெஷின் பொய் சொல்லாதுல்ல. நமக்குத்தான் மனசுல பயம் போல" என்று அவராகவே சொல்லிக்கொண்டார்.

ஐப்பசியில் குருவம்மாள் செத்துப்போனாள். தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டுக் குனிந்தவள் நிமிரவில்லை. மாரீஸ்வரி துட்டி கேட்கப் போனாள். யாரும் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. குருவம்மாளின் மகள் காப்பி கொண்டுவந்து கொடுத்து, "ஒங்களுக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீகளே அக்கா" என்றாள். அந்தக் காப்பியை மாரீஸ்வரியால் குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

அப்போது சீனிராஜுக்கே கண்ணாடிச் சளி முற்றிவிட்டிருந்தது. ஒரு வாக்கியத்தை இரண்டாக உடைத்துத்தான் பேசினார். எதிராளி தோளைத் தட்டுவதற்குக் கையைத் தூக்கி, பாதியில் இறக்கிவிடுவார். சொந்தக்காரருக்குச் சான்று கொடுக்கக் கூடாது என்பதால் அவருக்கு வேறு ஆள் வந்தான். மாரீஸ்வரியோடு படித்துத் தேறியவன்தான், நல்ல பையன். நாலு என்று எழுதிவிட்டு, "மன்னிச்சுக்கங்க மாரீஸ், நாலுதான் வருது" என்று அவளிடமும் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் பகலில், அக்கா ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது, மாரீஸ்வரி தன் பட்டையை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். சட்டப்படி தப்பு. அவர் ஒன்றும் கேட்காமல் கழுத்தை நீட்டினார்.

அவளுக்கும் நாலுதான் வந்தது. கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். உதடு கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. கழுத்து நரம்புகள் கயிறாகப் புடைத்திருந்தன. மூச்சை இழுக்கத் தோள்கள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. படிக்காத குழந்தைகூட அந்த மனுஷனைப் பார்த்தால் பயந்து அழும். மறுபடியும் கண்ணை மூடினாள். நாலு.

கோளாறு பட்டையில் இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

அன்றே மதுரைக்குப் போனாள். சுகன்யா கல்லூரி அறையில் தனியாக இருந்தார்.

"உனக்கு நாலு வரும். எனக்கு இப்பல்லாம் ரெண்டுதான் வருது" என்றார். குரலில் ஆச்சரியமே இல்லை. "பழகப் பழக மரத்துத்தான் போகும். மரத்துப்போகாத ஆளை ஐசியூல வச்சுக்க முடியாது, நோயாளிதான் சாவான். அங்க கூடுதா குறையுதான்னு தெரிஞ்சா போதும். எத்தனைன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

"அப்ப எங்களை எதுக்கு மேடம் எத்தனைன்னு சொல்ற வேலைக்கு அனுப்புனீங்க?"

"சட்டம் போட்டவன் தேறின ஆள் வேணும்னான். கல்லூரிக்கு அந்த வேலை வாய்ப்பு வேணும். அப்பவே ஒரு தடவை வாரியத்துக்கு எடுத்துச் சொன்னேன். பயிற்சி இல்லாதவங்க மிகைப்படுத்துவாங்கன்னு பதில் வந்துச்சு."

"அதோட விட்டுட்டீங்களா?"

சுகன்யா மேஜையில் கிடந்த பட்டையை எடுத்து டப்பாவுக்குள் வைத்து மூடினார்.

"குருவம்மாள்னு எங்க ஊர்ல ஒரு சித்தி. மூணுன்னு சொன்னேன் மேடம்."

"போய்த் தூங்கு மாரீஸ்."

அவள் தூங்கப் போகவில்லை. மேலப்பாளையத்துக்குப் போனாள். ஷமீமா அங்கே மழலையர் பள்ளி ஒன்றில் டீச்சராக இருந்தாள். விஷயத்தைக் கேட்டதும், "அந்தப் பட்டையை நான் திரும்பத் தொடணுமா?" என்றாள். பிள்ளைகள் போட்டுவிட்டுப் போன பென்சில்களைப் பொறுக்கி டப்பாவில் வைத்துவிட்டு, "என்னைக்கு வரணும்னு சொல்லு" என்றாள்.

மாரீஸ்வரி சீனிராஜின் பெயரில் மேல்முறையீடு போட்டாள். தன் நெஞ்சு மரத்துப்போய்விட்டது, தான் கொடுத்த சான்றுகள் எதையும் நம்ப வேண்டாம், பழகாத ஒரு ஆளை வைத்துச் சீனிராஜைச் சோதித்துப் பாருங்கள் என்று தன் கைப்பட எழுதிக் கொடுத்தாள். உரிமம் போய்விடும் என்று அலுவலகத்தில் எச்சரித்தார்கள். போகட்டும் என்றாள். அக்காவிடம் அதைச் சொல்லவில்லை.

விசாரணை விருதுநகரில் நடந்தது. வாரிய உறுப்பினர் தெய்வநாயகம் நல்ல மனுஷன் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். மாரீஸ்வரி சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். கம்பெனி வக்கீல் எழுந்து ஆட்சேபித்தபோது, "பாத்துரலாமே, என்ன இப்ப" என்றார்.

சீனிராஜை நாற்காலியில் உட்காரவைத்து மாரீஸ்வரியே பட்டையைக் கட்டினாள். எதிரே ஷமீமா. அவள் பட்டையை நெஞ்சில் வைத்து, கொக்கியைப் போட்டாள்.

அடுத்த நொடி அவள் நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டாள். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. விரல்கள் சிமெண்ட் தரையைப் பிறாண்டின. மாரீஸ்வரி பாய்ந்து கொக்கியைக் கழற்றினாள். கழற்றிய பிறகும் ஷமீமாவுக்கு உடனே மூச்சுத் திரும்பவில்லை, உடம்பெல்லாம் உதறியது. "ஒம்போது" என்றாள் ஒருவழியாக. "ஒம்போது, ஒம்போது." தெய்வநாயகம் எழுந்து நின்றுவிட்டார். வக்கீல்கூடப் பேனாவை மூடிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். யாரோ தண்ணீர் கொண்டுவர ஓடினார்கள்.

மாரீஸ்வரிக்கு நெஞ்சுக்குள் ஏதோ திறந்துகொண்டது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

சீனிராஜ் மெல்ல எழுந்தார். மேஜையைப் பிடித்து, சுவரைப் பிடித்து, அந்தப் பெண்ணிடம் வந்து தரையில் உட்கார்ந்தார். தன்னால் அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவருக்குப் பதற்றம். அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"பயப்படாத தாயி" என்றார், மூச்சை இழுத்து இழுத்து. "ஒண்ணும் செய்யாது... மொதல்ல அப்படித்தான் இருக்கும்... எனக்கும் இருந்துச்சு. இப்பப் பழகிப்போச்சு."

வக்கீல் தலையை நிமிர்த்தினார். "ஐயா, மனுதாரர் சொன்னதைப் பதிவு செய்யணும்."

"ஐயா, அவுக அந்தப் பிள்ளைக்கு ஆறுதலுக்குச் சொன்னது..." என்று மாரீஸ்வரி தொடங்கினாள்.

"நீங்க உக்காருங்கம்மா. அவரையே கேட்போம்." தெய்வநாயகம் சீனிராஜைப் பார்த்தார். அவர் குரல் இதமாகத்தான் இருந்தது. "பெரியவரே, இப்பப் பழகிப்போச்சுன்னு சொன்னீங்களா?"

சீனிராஜ் நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ அதிகாரிகளிடம் பேசிய மனுஷன். இந்த அறையில் எல்லாரும் பயந்துபோய் நிற்கிறார்கள், தான்தான் சமாளிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"ஆமாய்யா, நமக்குப் பழகிப்போச்சு. சமாளிச்சுக்கிடுவேன். அந்தப் பிள்ளையை மட்டும் இனிமே சிரமப்படுத்தாதீக."

தெய்வநாயகம் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுதத் தொடங்கினார். தொடங்கிய பின் நிறுத்தவில்லை.

உத்தரவை அங்கேயே வாசித்தார்கள். சோதனையில் ஈடுபட்ட பெண் தேர்வில் தேறாதவர் என்பதால் அவர் சொன்ன எண் ஏற்கப்படவில்லை. மனுதாரர் தமக்குப் பழகிவிட்டதாகத் தாமே கூறியுள்ளார். எனவே நாலு என்ற சான்று உறுதி செய்யப்படுகிறது. சான்றாளர் மாரீஸ்வரி தம் தகுதியின்மையைத் தாமே ஒப்புக்கொண்டதால் அவரது உரிமம் இன்று முதல் ரத்து. அதற்கு முன் அவர் வழங்கிய சான்றுகள் அனைத்தும் செல்லும்.

ஷமீமா பஸ் ஸ்டாண்டுக்குத் தனியாகப் போய்விட்டாள். போகும்போது மாரீஸ்வரியின் கையை ஒரு தரம் இறுக்கினாள், அவ்வளவுதான். சீனிராஜைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு மாரீஸ்வரி வாசலுக்கு வந்தாள். எதிரே ஜெராக்ஸ் கடை நிழலில் அக்கா சாப்பாட்டுப் பையோடு நின்றுகொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் ரோட்டைத் தாண்டி வரத் தொடங்கினாள்.

சீனிராஜ் நின்றார். உத்தரவு வாசித்த எழுத்துத் தமிழில் அவருக்குப் பாதிதான் பிடிபட்டிருந்தது. மூச்சை ஒருவழியாகச் சேர்த்துக்கொண்டு மாரீஸ்வரியைப் பார்த்தார். பல நாளைக்கப்புறம் முகத்தில் பழைய களை.

"ஐயா மரியாதையாத்தான் கேட்டாரு... நானும் சரியாத்தான் பேசினேன்... இல்ல புள்ள?"

அக்கா ரோட்டின் நடுவில் வந்துவிட்டாள்.

"சரியாத்தான் பேசினீக மச்சான்" என்றாள் மாரீஸ்வரி.

அவர் கையைத் தூக்கி அவள் தோளில் தட்டினார். அந்த ஒரு தட்டுக்கே அவருக்கு மூச்சு வாங்கியது. அது அடங்கும்வரை மூவரும் வெயிலிலேயே நின்றார்கள். அக்கா அவள் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்னடி சொன்னாக?" என்று கேட்டாள்.